எல்லப்பனுக்குப் போட்ட குரல்

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து படப்பை போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எல்லப்பனின் ஊர். ஊரில் ஒரு பெருமாள் கோயில், கோயிலுக்கு ஒரு பஜனை கோஷ்டி. மார்கழி பிறந்துவிட்டால் கோஷ்டிக்காரர்கள் விடிவதற்கு முன்பே தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, நாமம் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாடிப் போவார்கள். ஒருவன் முன்னால் நடந்து பாட்டை எடுத்துக் கொடுப்பான். பின்னால் வருகிறவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். முன்னால் நடக்கிற அந்த இடம் எல்லப்பனுடையது. நிலம் நீச்சு ஒன்றுமில்லாத அவனுக்கு ஊரில் இருந்த ஒரே சொத்து அதுதான்.

வயிற்றுப்பாட்டுக்கு அவன் கூட்ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கம்பெனிக்குப் போய்வந்தான். பீரோவுக்குத் தகடு வளைக்கிற கம்பெனி. அவனுக்கு பிரஸ் மிஷினில் வேலை. அது இறங்கும் ஒவ்வொரு முறையும் தரை அதிரும், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. எல்லப்பன் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்று பாடுவான். பாடுவது தன் காதுக்கே எட்டாததால் இடது உள்ளங்கையைக் குழித்துக் காதோடு வைத்துக்கொள்வான். சுருதி மேலே போகும்போது வலது கை, கிணற்றிலிருந்து கயிறு இழுப்பதுபோலத் தானாக மேலே ஏறும். இடது கண் இறுக மூடிக்கொள்ளும். பிறகு கம்பெனிக்கு வெளியிலும், அமைதியான கோயிலுக்குள்ளும் அந்தக் கை காதைவிட்டு இறங்கவில்லை. மிஷின் அவன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது. கை வைத்தால்தான் தன் குரல் தனக்குத் தெரிந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, காது மந்தம் என்றால் கம்பெனியில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். ஊர்க்காரர்கள் அதைப் பாட்டுக்காரனின் தோரணை என்று நினைத்தார்கள். குரல் மட்டும் உண்மையிலேயே நல்ல குரல். அதைப் பிற்பாடு ஊரே மறுத்தது என்பதால் இங்கேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

தொண்ணூற்றொன்று பொங்கல் கழிந்த கையோடு ஊருக்குள் சினிமாக்காரர்கள் வந்தார்கள். வேனும் ஜெனரேட்டர் வண்டியுமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினார்கள். படம் குடும்பத்தோடு பார்க்கிற நகைச்சுவைப் படம். ஒரு லாரி கிளீனர் பாட்டு வாத்தியார் என்று பொய் சொல்லி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நுழைந்துவிடுகிறான். பாட்டே தெரியாதவன் மெல்லப் பாடக் கற்றுக்கொண்டு, பிள்ளைகளுக்கும் சொல்லித் தந்து கடைசியில் போட்டியில் ஜெயிக்கவும் வைக்கிறான். இதுதான் கதை. அந்தக் கிளீனராக நடிக்க வந்த கதாநாயகனுக்குத் தாளம் என்றால் என்னவென்று நிஜமாகவே தெரியாது. அவர் தொடையில் தட்டியது மூட்டைப்பூச்சி நசுக்குவதுபோல இருந்ததாம். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

உதவி டைரக்டர் ராஜசேகர் என்ற பையன், ஊரில் பாட்டுக்காரன் யார் என்று விசாரித்தான். பஜனை கோஷ்டியின் தலைவர் கோதண்டராமன்தான் கைகாட்டினார். ஆர்மோனியம் அவருடையது, ஏரிப் பக்கத்து நிலமும் அவருடையது, ஆகவே கோஷ்டியும் அவருடையது.

"நம்ம எல்லப்பன் கீறான். அவன் கையக் காதுல வெச்சான்னா பெருமாளே எறங்கி வந்துருவாரு. இட்டுக்கினு போங்க," என்றார்.

எல்லப்பன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனான். ஒரு வாரம் போல, ஷூட்டிங் இடைவெளியில், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த கதாநாயகனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பாட்டுக்காரன் எப்படி இருப்பான் என்று காட்டிக்கொடுத்தான். தாளம் அவருக்கு வரவே இல்லை. ஆனால் கை வந்தது. காதில் உள்ளங்கை, கயிறு இழுக்கிற வலது கை, மூடிய இடது கண், எல்லாவற்றையும் நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். நடிகர் அல்லவா. பிடித்துக்கொண்டு அதைக் கொஞ்சம் அழகாகவும் செய்தார்.

"வாத்தியாரே, சரியா இருக்கா?" என்று கேட்டார்.

சினிமாவில் முகம் தெரிகிற ஒரு மனுஷன் தன்னை வாத்தியாரே என்று கூப்பிட்டதில் எல்லப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி கனகத்திடம் அதை எத்தனை தடவை சொன்னான் என்று கணக்கில்லை. மகள் ஜோதி மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

கடைசி நாளன்று ராஜசேகர் வந்து, "அண்ணே, உங்களுக்கும் ஒரு ஷாட் வைக்கிறோம். ஹீரோ வர்றதுக்கு முன்னாடி இருந்த பழைய பாட்டு வாத்தியார் நீங்க. கிளாஸ்ல நின்னு பாடணும்," என்றான்.

எல்லப்பன் அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை. மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு போய் நின்றான். ஊர் முழுக்க ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்தது. கோதண்டராமன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேமரா ஓடியதும் எல்லப்பன் காதில் கை வைத்து, கோயிலில் பாடுகிற பாட்டை எடுத்தான். அப்படி அவன் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடவில்லை. லைட் பிடித்துக்கொண்டிருந்தவன் வாயைப் பிளந்து நின்றான். உடை தைக்கிற அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் ஊரே கைதட்டியது. கோதண்டராமன் எழுந்து நின்று தட்டினார்.

டைரக்டர் மட்டும் தட்டவில்லை. ராஜசேகரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் வந்து, "அண்ணே, இன்னொரு தடவை எடுக்கணும். கையைக் காதுல வைக்காதீங்க, அது ஹீரோவுக்கு வெச்சிருக்கோம். கையைத் தொங்கவிட்டுடுங்க. வாயை நல்லாப் பெருசாத் தொறங்க, கடவாப்பல்லு தெரியணும். தலையை முன்னாடி இழுத்து இழுத்து ஆட்டுங்க," என்றான்.

கையைத் தொங்கவிட்டதும் எல்லப்பனுக்குத் தன் குரல் கேட்காமல் போய்விட்டது. ஜெனரேட்டர் இரைச்சலில் எங்கே பாடுகிறோம் என்றே தெரியாமல், கிணற்றில் விழுந்தவன்போல எதையோ பிடித்துக்கொண்டு பாடினான். சுருதி பிசகியது. டைரக்டர் வயிறு குலுங்கச் சிரித்து, "அருமை," என்றார். சினிமாவில் சந்தோஷப்பட்டால் இப்படித்தான் சிரிப்பார்கள்போல என்று அவன் நினைத்துக்கொண்டான். முதலில் பாடியதுதான் படத்தில் வரும், நன்றாக இருந்தது அதுதானே என்றும் நினைத்துக்கொண்டான்.

இரண்டு தடவை பாடியதில் எந்தக் குரலும் படத்தில் வரப்போவதில்லை என்பது அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கேமராவில் படம் மட்டும்தான் பதிந்தது. சத்தம் பிடிக்கிற கருவியை அன்றைக்கு அவர்கள் வண்டியிலிருந்தே இறக்கவில்லை. பேச்சும் பாட்டும் பிறகு சென்னையில், இருட்டு அறையில், யாரையாவது வைத்துச் சேர்ப்பார்கள். பெட்டிக்கு முன்னால் நின்று பாடினால் பெட்டிக்குள் பாட்டு போகும் என்று நம்பியவர்கள் இவர்கள். ராஜசேகருக்குத் தெரியும், வேண்டுமானால் சொல்லியிருக்கலாம். கைதட்டலில் நனைந்து நின்றவனிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் வேனில் ஏறிப் போனான்.

பிறகு எல்லப்பன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். டீக்கடையில் நின்றால் படப்பேச்சு, கம்பெனியில் ஷிப்டு மாறும்போது படப்பேச்சு. சூப்பர்வைசர்கூட அவனை "சார்" என்று கேலியாகக் கூப்பிட, இவன் அதையும் மரியாதை என்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்தது. ரோடெல்லாம் போலீஸ் நின்றது, மூன்றுபேர் சேர்ந்து நின்றால் விசாரித்தார்கள், கொஞ்ச காலம் யாரும் சினிமா பேசவில்லை. எல்லப்பன் மட்டும் மனதுக்குள் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். தன் குரல் இந்த ஏரிக்கரையைத் தாண்டிப் போகப்போகிறது என்பதைத் தவிர அவனுக்கு அந்த வருஷம் வேறு நினைப்பில்லை.

தீபாவளிக்குப் படம் வந்தது. படப்பை கொட்டகையில் போட்டார்கள். கோதண்டராமன் தன் டிராக்டரைக் கொடுத்தார். ஊர் பாதி டிரெய்லரில் ஏறிக்கொண்டு போனது. கொட்டகையில் எல்லப்பன் தீபாவளிச் சட்டையில், நடுவில், ஜோதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கனகம் பக்கத்தில். முன்னால் உட்கார்ந்திருந்த அசலூர்க்காரர்களிடம் ஊர்க்காரர்கள், "தோ, பின்னால கீறாரே, அவருதான் பாட்டு வாத்தியாரா வராரு," என்று சொல்லிச் சொல்லித் திரும்பிப் பார்க்கவைத்தார்கள்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வகுப்பறை வந்தது. கரும்பலகைக்கு முன்னால் எல்லப்பன். கை தொங்குகிறது, தலை முன்னால் நீண்டு நீண்டு ஆடுகிறது, கடைவாய்ப்பல் வரை தெரிய வாய் திறக்கிறது. திறந்த வாயிலிருந்து கழுதை கத்தியது.

நிஜக் கழுதையின் குரல். அவன் உதடு அசைகிற அசைவுக்குப் பொருத்தமாக, வெட்டி வெட்டிச் சேர்த்திருந்தார்கள். அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் கழுதை மூச்சு வாங்கியது. அவன் மேலே போகிற இடத்தில் கழுதையும் மேலே போனது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அடுத்த காட்சியில், எங்கோ மேய்ந்துகொண்டிருந்த ஒரு பெட்டைக் கழுதை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாத்தியாரைத் தேடி ஓடிவந்தது. கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

ஊர்க்காரர்கள் முதலில் சிரிக்கவில்லை, எல்லப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தயக்கம் இரண்டு மூச்சுக்குத்தான். பெட்டைக் கழுதை ஓடிவந்ததும் அவர்களாலும் அடக்க முடியவில்லை. கோதண்டராமன் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மடியில் இருந்த ஜோதி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அவள் சிரித்துக் குலுங்கியது எல்லப்பனின் தொடையில் தெரிந்தது. பாவம், அது குழந்தை. மற்றவர்களுக்கு என்ன வந்தது? கனகம் மட்டும் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு திரையைப் பார்க்காமல் குனிந்திருந்தாள்.

அதோடு போயிருந்தால்கூட ஒரு மாதிரி. இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் காதில் உள்ளங்கையை வைத்து, ஒரு கண்ணை மூடி, வலது கையால் கயிறு இழுத்தபடி பாடினார். யாரோ ஒரு பெரிய பாடகரின் குரல் தேன் மாதிரி வழிந்தது. கொட்டகையில் விசில் பறந்தது. தன் கை இன்னொருத்தன் உடம்பில், தன் வாயில் கழுதை. எல்லப்பன் எழுந்து போகவில்லை. டிராக்டர் எல்லோருக்கும் சேர்த்துத்தானே வந்திருந்தது, கடைசிவரை உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கம்பெனியில் அவன் கார்டு அடிக்கப் போனபோது லைனில் நின்ற அத்தனை பேரும் கழுதை மாதிரி கத்தினார்கள். அதற்கு அடுத்த நாளும் கத்தினார்கள். கத்துவதற்கு அலுப்பே வராத ஜனம் அது. ஊரில் சின்னப் பிள்ளைகள் அவன் சைக்கிளுக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடின. கேலியை எல்லப்பன் தாங்கிக்கொண்டான். அவனைத் தின்றது வேறு. தான் அன்று பாடியதை இத்தனை பேர் நேரில் கேட்டார்களே, கேட்டவர்கள் சொன்னால் போதுமே என்று வீடுவீடாகப் போனான்.

"அன்னிக்கு நான் பாடனது உன் காதுல உழுந்துச்சா இல்லியா? சொல்லேன்."

முதல் வாரம், "நல்லாத்தாம்பா பாடன," என்றார்கள். அடுத்த வாரம், "மொத தபா நல்லாருந்துச்சு, ரெண்டாவது தபா இன்னாவோ ஆயிட்ச்சு," என்றார்கள். படத்தை இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை பார்த்துவிட்டு வந்தவர்களுக்குப் பழைய ஞாபகமே அழிந்துபோனது. கார்த்திகை முடிவதற்குள், "அன்னிக்கே கொஞ்சம் அந்த மாதிரிதாம்பா இருந்துச்சு," என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நாக்கில் நரம்பில்லாமல் சொன்னார்கள். கடைசியாகக் கோதண்டராமனிடம் போனான்.

"அண்ணே, நீ எழுந்து நின்னு கை தட்ன. அத மட்டும் நாலு பேருகிட்ட சொல்லு, போதும்."

"நான் அன்னிக்கு லைட்டப் பாத்துக்கினு இருந்தேன் எல்லப்பா. எல்லாரும் தட்னாங்க, நானும் தட்னேன்," என்றார் கோதண்டராமன். பிறகு, வந்ததே வந்தாய் என்பதுபோல, "மார்கழி வருது. நீ முன்னால நின்னா சனம் சிரிக்குமேன்னு கீது. எழிலரசன் எடுத்துக் குடுக்கறேன்றான்," என்றார்.

எழிலரசன் கோஷ்டியில் மிருதங்கம் வாசிப்பவரின் மகன், கல்லூரிக்குப் போகிறவன். எல்லப்பனுக்கு முகம் செத்துப்போனது. படத்தை அவன் கேட்டு வாங்கவில்லை, தானாக வந்தது, தானாகப் போனது. இது அவனுடைய இடம். கோதண்டராமனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். மார்கழி ஒன்றாம் தேதி காலையில் பாடினால் எல்லோர் வாயும் தானாக அடைத்துப்போகும், ஒரே ஒரு நாள் கேளுங்கள் என்றான்.

கோதண்டராமன் யோசித்தார். "சரி பாடு. ஆனா ஒண்ணு. அந்தக் கையக் காதுல வெக்கற வேலை வேணாம். சினிமாவுல அவுரு பண்ணதப் பாத்து நீ காப்பி அடிக்கறன்னு ஊர்ல பேசிக்கறாங்க. சாமி காரியத்துல சினிமா ஸ்டைல்லாம் வேணாம்."

"அண்ணே, அது என்னுது. நான்தான் அவுருக்குச் சொல்லிக் குடுத்தேன். நீதான என்ன இட்டுக்கினு போகச் சொன்ன."

"இன்னாவோ இருக்கட்டும். படத்துல அவுரு பண்றதத்தான எல்லாரும் பாத்தாங்க. நீ பண்ணத யார் பாத்தா?"

காது கேட்காது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் இடமும் போகும், வேலையும் போகும். எல்லப்பன் தலையாட்டிவிட்டு வந்தான்.

மார்கழி முதல் நாள் அந்த ஊர் கண்டிராத கூட்டம். போர்வைக்குள்ளிருந்து எழாதவர்களெல்லாம் எழுந்து வாசலில் நின்றார்கள். எல்லப்பன் நாமம் போட்டு, முன்னால் நின்று, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு பாட்டை எடுத்தான். முதல் அடி நினைவிலிருந்தே சரியாக வந்தது. இரண்டாவது அடியில் தாளமும் ஆர்மோனியமும் சேர்ந்துகொள்ள, தன் குரல் அவனுக்குக் காணாமல் போனது. தேடிப்போய் உரக்கப் பாடினான். உரக்கப் பாடப் பாடக் குரல் உடைந்து, ஒரு இடத்தில் கீச்சென்று ஏறி, இன்னொரு இடத்தில் கரகரத்து இறங்கியது. தனக்குக் கேட்கட்டும் என்று வாயைப் பெரிதாகத் திறந்தான். தலை தானாக முன்னால் நீண்டது.

தனக்கு என்ன நடக்கிறது என்று அவன் ஜனங்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் தலைப்பால் வாயை மூடினார்கள். பாட்டை வாங்கிப் பாட வேண்டிய கோஷ்டிக்காரர்களில் ஒருவன் வாங்காமல் கழுதை மாதிரி கத்தினான். தெரு முழுக்க அதை வாங்கிக் கத்தியது. அப்படியே நாலு தெருவும் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு தெருவிலும் கூட்டம் கூடிக்கொண்டே போனது.

கோயில் வாசலில் எல்லப்பன் தலை குனிந்து ஓரமாக ஒதுங்கினான். இடத்தை எழிலரசனிடம் கொடுத்துவிடச் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தான். கோதண்டராமன் வந்து அவன் தோளில் கைபோட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைக்கும் நீயே எடு எல்லப்பா. எந்த மார்கழியிலயும் இவ்ளோ சனம் வந்ததில்ல. பக்கத்து ஊர்லருந்துகூட வரேன்றான். மாசம் முழுக்க நீதான்."

"அண்ணே, கைய வெச்சிக்கினு ஒரே ஒரு தபா பாடிக் காட்றேன். ஒரே அடி. கேட்டுட்டுச் சொல்லு."

"அது யாருக்குப்பா வேணும்?" என்றார் கோதண்டராமன். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

வீட்டில் கனகம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவனுக்குக் கேட்கட்டும் என்று கிட்டே வந்து, "நாளைக்குப் போவாதயா. என்னால பாக்க முடியல. அந்த எழிலரசனே பாடிட்டுப் போறான்," என்றாள். புருஷனின் காது கேட்காது என்று அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு காலமாகத் தெரியும் என்று அவளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

எல்லப்பன் வெந்நீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "போவலன்னா அந்த எடம் பூடும்மே," என்றான்.

மறுநாள் அவன் முன்னால் போய் நின்றான், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. கூட்டம் முந்தின நாளைவிட அதிகம். ஜோதி தன்னோடு படிக்கிற பிள்ளைகளையெல்லாம் வீடுவீடாகப் போய் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து தெருமுனையில் நின்றாள். "தோ, அவருதான் எங்கப்பா. இப்ப பாரு, அதே மாதிரி பண்ணுவாரு," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லப்பன் அவளைப் பார்த்தான், பார்த்துவிட்டு வாயை நன்றாகத் திறந்தான்.